கும்மிடிப்பூண்டியிலிருந்து சிங்கப்பூர்: வானத்தில் நான்கு மணி, தரையில் எட்டு மணி

சென்னை விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே நேர்தூரம் ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர். நேரடி விமானம் அதைக் கடக்க நான்கு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ எடுத்துக்கொள்கிறது. டிராவல்ஸ்காரரிடம் கேட்டாலும் கைப்பேசியில் தேடினாலும் இந்த இரண்டு எண்கள்தாம் கிடைக்கும். இரண்டும் சரியானவைதாம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்தோ தேர்வாய்கண்டிகையிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ கிளம்புகிறவருக்கு இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைத் திட்டமிட முடியாது. அவருடைய பயணத்தில் வானத்தில் கழியும் நேரம் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு தரையில் போகிறது. ஏமாற்றுவதும் அந்த இரண்டு பங்குதான். விமானம் தன் நேரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறது. காப்பாற்றாதது கவரைப்பேட்டைக்கும் விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட சாலை. ஆகவே பயணக் கணக்கைத் தொழிற்சாலை வாசலில் தொடங்கிப் போய்ச்சேரும் வாசலில் முடிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம்.

முதலில் அந்த 2,920 கிலோமீட்டர். பூமி உருண்டை; அதன் மேற்பரப்பில் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் இது. விமானம் அந்தக் கோட்டை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை. கிளம்பும்போது ஓடுபாதையின் திசையில் எழும்பித் திரும்ப வேண்டும். வங்கக் கடலைக் கடக்கையில் விதிக்கப்பட்ட வான்தடத்தில் போக வேண்டும். இறங்கும்போது வரிசையில் காத்திருக்க வேண்டும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். பயணச்சீட்டோ நான்கு மணிக்கு மேல் காட்டுகிறது. காரணம், சீட்டில் உள்ள நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்த நொடியிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் நின்ற நொடி வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். தூரம் குறைந்த பயணங்களில் இந்தச் சேர்மானம் பெரிதாகத் தெரியும். சென்னையிலிருந்து கொழும்பு 650 கிலோமீட்டர்தான். அதற்கே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

தூரத்தை வைத்து மட்டும் நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு இயற்கையே ஒரு சான்று தந்திருக்கிறது. இங்கிருந்து கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் ஏறக்குறைய ஒரே தொலைவு. துபாய்க்கு 2,930 கிலோமீட்டர். ஆனால் இரண்டு பயணங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரபிக் கடலின் வடபகுதிக்கும் மேலே உயரத்தில் வலுவான மேலைக்காற்று ஓடுகிறது. துபாய் போகும் விமானம் கடைசிக் கட்டத்தில் அதை எதிர்த்துப் போகிறது. திரும்பும் விமானம் அதன் தள்ளுதலோடு வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் நிலைமை வேறு. அப்போது கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடும். 1950களில் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் விளக்கிய வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் அது. அதன் உச்சவேகம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், அதற்குக் கீழே விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதன் வலு தெரியும். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்காற்று, திரும்புகிறவருக்குத் துணைக்காற்று. காற்றால் வரும் இந்த ஏற்ற இறக்கம் இந்த அளவு தூரத்தில் கால் மணி, அரை மணி நேரம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைத் தரையிலுள்ள சாலையோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்து கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே இருக்கிறது. 1981 வரை இரண்டு மணிதான் முன்னே இருந்தது; மலேசியாவோடு ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதற்காக 1982 புத்தாண்டிலிருந்து சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி கூட்டிக்கொண்டது. அதனால்தான் அங்கே சூரியன் ஏழு மணி வாக்கில் உதிக்கிறது. இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.00க்குச் சேரும் விமானம் ஆறேமுக்கால் மணி நேரம் பறப்பதாகத் தோன்றும்; இரண்டரையைக் கழித்தால் நாலேகால். திரும்பும்போது இரவு 8.30க்குக் கிளம்பி இரவு 10.15க்குச் சேர்வது ஒன்றேமுக்கால் மணிப் பயணம்போலத் தெரியும். இரண்டரையைக் கூட்டினால் அதே நாலேகால். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழ். இது எளிய கூட்டல் கழித்தல்தான். இதைவிட ஆபத்தானது நள்ளிரவுத் தேதி. ‘15ஆம் தேதி 00.40’ என்று சீட்டில் இருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவருக்கு விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். சீட்டு கைக்கு வந்ததும் ‘எந்தக் கிழமை மாலை கிளம்புகிறோம்’ என்று பேனாவால் அதன்மேலே எழுதி வைத்துவிடுவது நல்லது.

இனி தரைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியும் மீனம்பாக்கமும் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். சாலையில் அது 65 முதல் 70 வரை ஆகிவிடுகிறது. சிப்காட் சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கிறது. விமான நிலையம் நகரின் தென்கோடியில். இடையே முழு நகரமும் குறுக்கே கிடக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 16இல் கவரைப்பேட்டை, தச்சூர் கூட்ரோடு, ஜனப்பன்சத்திரம், நல்லூர் சுங்கச்சாவடி, செங்குன்றம் என்று வந்து, புழலில் சென்னை பைபாஸில் ஏறலாம். 32 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை அம்பத்தூர், மதுரவாயல், போரூர் வழியாகப் பெருங்களத்தூரில் முடிகிறது, அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பல்லாவரம் கடந்து பின்னோக்கி வர வேண்டும். அல்லது மாதவரத்திலிருந்து நூறடிச் சாலையில் கோயம்பேடு, கத்திப்பாரா வழியாகப் போகலாம். முதல் வழி நீளமானது, சிக்னல் குறைவு. இரண்டாவது வழி குறுகியது, சிக்னல் அதிகம். மாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பைபாஸில் வருகிறவர்கள் போரூரில் இறங்கி மவுண்ட்-பூந்தமல்லி சாலை வழியாகக் குறுக்கே போக ஆசைப்படுவார்கள். அலுவலகம் விடும் வேளையில் அந்த ஆசை வேண்டாம்.

விடியற்காலை மூன்றரை மணிக்கு இதே தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தை ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை. மழை வந்தால் அதுவும் போதாது. ஷிப்ட் விடும் நேரத்தில் ஆலைப் பேருந்துகள் வரிசையாக நெடுஞ்சாலையில் ஏறுகின்றன. எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கன்டெய்னர் லாரிகள் மீஞ்சூர், செங்குன்றம் பகுதிகளில் சேர்ந்து நின்றால் ஊர்திகள் ஊர்வதும் நின்றுவிடும். இப்போது கணக்குப் பாருங்கள். வானத்தில் 2,920 கிலோமீட்டரில் காற்று செய்யும் மாற்றம் அரை மணி. தரையில் 70 கிலோமீட்டரில் போக்குவரத்து செய்யும் மாற்றம் ஒரு மணிக்கும் மேல். எதைக் கவனித்துத் திட்டமிட வேண்டும் என்பதில் ஐயமே இல்லை.

‘ரயில் இருக்கிறதே, சாலையை ஏன் நம்ப வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமானது. இந்தப் பகுதி மக்களுக்கு ரயிலால் கிடைத்திருக்கும் நன்மையைப் பலர் இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே என் எண்ணம். 2021 பிப்ரவரியில் மெட்ரோவின் நீலத் தடம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நிற்கும் அதே விம்கோ நகர்தான். அங்கே இறங்கி மெட்ரோவில் ஏறினால், 32 கிலோமீட்டருக்குச் சற்று மேலே உள்ள அந்தத் தடத்தின் மறுமுனை விமான நிலையம். வண்டி மாற வேண்டியது ஒரே இடத்தில். சென்ட்ரல் வரை போய், கூட்டத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலத்தடி நிலையத்துக்கு இறங்கும் சிரமம் இல்லை. மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி, மெட்ரோவில் ஏறக்குறைய ஒரு மணி, காத்திருப்புக்கு அரை மணி என்று இரண்டரை மணி நேரத்தில் விமான நிலையத்தின் வாசலில் இருக்கலாம். மாலை நெரிசலில் கார் எடுக்கும் அதே நேரம். செலவு அதில் ஒரு சிறு பங்கு. சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் இந்த நேரம் அதிகம் மாறாது என்பதே இதன் பெரிய சிறப்பு.

ஆனால் இந்த வழிக்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒன்று, கும்மிடிப்பூண்டித் தடத்தில் ரயில்கள் தாம்பரம் தடத்தைப்போல அடுத்தடுத்து வருவதில்லை; ஒன்றை விட்டால் நெடுநேரம் நிற்க நேரும். ஆகவே எந்த ரயில் என்று முன்பே முடிவு செய்து, அதற்கு முந்தைய ரயிலில் போக வேண்டும். இரண்டு, மெட்ரோ அதிகாலை ஐந்து மணி வாக்கில் தொடங்கி இரவு பதினொன்றோடு முடிகிறது. காலை ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. சிங்கப்பூரிலிருந்து இரவு பத்தேகாலுக்கு வந்திறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வருகிறவருக்கும் அதை நம்ப முடியாது. பிடித்தாலும் விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டிக்கு ரயில் இருக்க வேண்டுமே. போகும்போது ரயில், வரும்போது முன்பதிவு செய்த கார் என்று பிரித்துக்கொள்வதே பலருக்குப் பொருந்தும். மூன்றாவது வரம்பு விபத்துகள். 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில்மீது மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. அந்தத் தடம் முடங்கியது. 2025 ஜூலை 13ஆம் தேதி அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பற்றியது. அரக்கோணம் தடமும் முடங்கியது. இவை அடிக்கடி நடப்பவை அல்ல. ஆனாலும் காலையில் செய்தியைப் பார்த்த பிறகு சாலை வழிக்கு மாறிக்கொள்ள நேரம் இருக்கும்படி கிளம்புகிறவர்தான் அந்த நாளிலும் விமானத்தைப் பிடிப்பார்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு நிலைமை சற்று எளிது. சென்ட்ரலுக்கு 42 கிலோமீட்டர், நான்கு தண்டவாளங்கள், அடிக்கடி ரயில். சென்ட்ரலில் மெட்ரோ மாறிக்கொள்ளலாம். சாலையில் ஆவடி வழியாக வந்து பைபாஸில் ஏறலாம். அல்லது நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர்ப் பக்கம் இறங்கலாம்.

விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. வெளிநாட்டு விமானங்களுக்கு இரண்டாம் முனையம். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய கட்டடம். பெட்டி ஒப்படைக்கும் கவுன்டரைப் பல நிறுவனங்கள் விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகின்றன. சில அதற்கும் முன்பே. அதற்குப் பிறகு குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை. மூன்று மணி நேரத்துக்கு முன்பு வரச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. தொழில்நுட்ப வேலைக்குப் போகிறவர்கள் விலையுயர்ந்த அளவுகருவிகளைக் கொண்டுபோனால், திரும்பும்போது தீர்வை கேட்கப்படாமலிருக்க, கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச்சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். இதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வேலைக்காக மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் போன்ற பட்டியலிடப்பட்ட நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அந்த அனுமதியை முன்பே வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை.

சாங்கியில் இறங்கிய பிறகு நம் ஊரின் அமைப்பே அங்கும் காத்திருக்கிறது. விமான நிலையம் தீவின் கிழக்கு முனையில். தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங்கும் துவாஸும் மேற்கு முனையில். தீவை முழுதாகக் குறுக்கே கடக்க வேண்டும். 2017இல் துவாஸ் லிங்க் நிலையம் வரை எம்.ஆர்.டி. நீண்டதிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்; தானா மேராவில் ஒருமுறை மாற வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையத்திலிருந்து ஆலைக்குப் போவது தனி.

எல்லாவற்றையும் கூட்டுவோம். இரவு 11.15 விமானம் என்று வைத்துக்கொள்வோம். 8.15க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை நெரிசலில் இரண்டரை மணி, சிறு இடைவெளி கால் மணி. ஆக கும்மிடிப்பூண்டியில் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். சிங்கப்பூரில் காலை ஆறு மணிக்கு இறங்கி, முக்கால் மணியில் வெளியே வந்து, துவாஸ் ஆலை வாசலை எட்டரைக்கு அடையலாம். நம் கடிகாரத்தில் அப்போது காலை ஆறு. ஐந்தரையிலிருந்து ஆறு வரை பன்னிரண்டரை மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது நாலேகால். காலை 9.30 விமானம் என்றால், 4.30க்குக் கிளம்பி வெற்றுச் சாலையில் ஆறரை மணிக்குள் போய்விடலாம். துவாஸை மாலை ஆறேமுக்காலுக்கு அடையலாம். நம் கணக்கில் மாலை நாலேகால். மொத்தம் பன்னிரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் ஒரு தூக்கம் போகிறது, இரண்டாவதில் ஒரு பகல் போகிறது.

‘இரவு விமானத்தில் போனால் ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம்’ என்று கணக்குப் பிரிவு சொல்லும். வியாபாரக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். அவர் மதியம் வரை ஓய்வெடுக்க வழி உண்டு. இறங்கிய காலையிலேயே இயந்திரத்தின் முன்னால் நின்று அதை ஓட்டிக் காட்ட வேண்டிய ஃபிட்டருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் அது தவறு. நாலேகால் மணிப் பயணத்தில் சாப்பாடு, அறிவிப்பு, இறங்கும் ஆயத்தம் போகத் தூங்கக் கிடைப்பது இரண்டு மணி. அந்த நிலையில் ஒருவரைப் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிறுத்துவது பாதுகாப்பற்றது. அவருக்குப் பகல் விமானமே பொருத்தம்.

‘நேரத்தைவிடக் கட்டணம்தான் எங்களுக்கு முக்கியம்’ என்பது இன்னொரு எதிர்வாதம். சொந்தச் செலவில் வேலைக்குப் போகிறவர் சொன்னால் அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படியானாலும் மாற்று விமானத்தை எடைபோடுவது எப்படி என்று தெரிந்திருக்க வேண்டும். கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போனால் மொத்தம் 3,400 கிலோமீட்டர். நேரடியைவிட 480 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் இரண்டு முறை ஏறி இறங்குவதும் இடைக் காத்திருப்பும் சேர்ந்தால் வானவழிப் பகுதியே எட்டு மணி, பத்து மணி என்று போகலாம். இடைநிறுத்தத்தில் தூரம் பெரிதில்லை, காத்திருப்புதான் பெரிது. நீண்ட பயணங்களில் திசையும் சேர்ந்துகொள்ளும். ஸ்ரீசிட்டி, ஒரகடம் பகுதி ஆலைகளிலிருந்து ஜப்பான் போகிறவர்கள் பலர். சென்னையிலிருந்து டோக்கியோவின் நரிட்டாவுக்கு நேர்தூரம் சுமார் 6,500 கிலோமீட்டர். பாங்காக் வழியாகப் போனால் 6,900 கிலோமீட்டருக்குள். பாங்காக் வழியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் 8,300ஐ நெருங்கும். தெற்கே போய்த் திரும்ப வடக்கே ஏற வேண்டும். ஆனாலும் பாங்காக்கில் ஏழு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால் சிங்கப்பூர் வழியே முந்திவிடும். எப்போதும் மொத்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு விமானங்களையும் ஒரே சீட்டில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் நட்டம் முழுவதும் உங்களுடையது. மிச்சம் பிடித்த தொகைக்குப் பல மடங்கு போகும்.

சீக்கிரம் போய் உட்கார்ந்திருப்பது வீண் என்று நினைப்பவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. 2015 டிசம்பரில் வெள்ளம் ஓடுபாதையில் ஏறி விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலால் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலால் மூடப்பட்டது. இப்படிப்பட்ட நாள்களில் சீக்கிரம் கிளம்புவதும் பயன்தராது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை, குறித்த நாளில் நடக்க வேண்டிய வேலைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச்சேரும்படி சீட்டு எடுப்பதுதான் வழி. போகிப் பண்டிகைக் காலையையும் தவிருங்கள். பழம்பொருள்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து 2018 போகியன்று வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டன.

‘புதிய விமான நிலையம் வந்தால் இந்தத் தொல்லை தீரும்’ என்ற நம்பிக்கையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் பரந்தூர் தேர்வானது. கடைசிவரை போட்டியில் இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தின் பன்னூர். பன்னூர் வந்திருந்தால் இந்த மாவட்டத்தின் பயணக் கணக்கே மாறியிருக்கும். பரந்தூரில் ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் தங்கள் நிலத்துக்காகப் போராடிவருகிறார்கள். அந்த நியாயத்தைப் பேச இந்த அத்தியாயம் இடமில்லை. பயணக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், அது திருவள்ளூருக்குச் சற்று நெருக்கமாகலாம். கும்மிடிப்பூண்டிக்கு மீனம்பாக்கத்தைவிடத் தொலைவு. அந்தத் தொலைவு நேரமாக மாறாமல் காப்பது எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை போகும் ஏறக்குறைய 133 கிலோமீட்டர் புறவட்டச் சாலையின் கையில்தான் இருக்கிறது. அந்தச் சாலை நகரைத் தொடாமல் போவது. கும்மிடிப்பூண்டிக்கு விமான நிலையத்தைவிட அவசரத் தேவை அதுவே என்பது என் முடிவு.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் போவார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவும் அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரமும் ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டன. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தச் சேவை நின்றுபோனது. ஒரு வாரக் கடல் பயணத்துக்கு முன் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் அரை நாள் வந்தாலும் அது கணக்கில் வராது. கடலை நாலு மணியில் தாண்டும் இன்றைக்கு அந்த அரை நாள்தான் பயணத்தின் பெரும்பகுதி. விமானங்கள் இனிமேல் அதிகம் வேகமாகப் போவதில்லை. ஆகவே குறைக்க முடிகிற நேரம் முழுவதும் தரையில்தான் மிச்சமிருக்கிறது.

ஆலைகளின் பயணப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டு எடுக்கும் விண்ணப்பப் படிவத்தில் விமானம் கிளம்பும் நேரத்துக்கு மேலே, ‘ஆலை வாசலிலிருந்து கிளம்பும் நேரம்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். அதை நிரப்பிப் பார்த்த பிறகு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். திரும்பி வருகிறவர் நள்ளிரவில் தனியாக வண்டி தேடாதபடி முன்பே கார் ஏற்பாடு செய்யுங்கள். இரவு விமானத்தில் ஒருவரை அனுப்பியே ஆகவேண்டும் என்றால், அன்று பகல் அவருக்கு ஷிப்ட் போடாதீர்கள்.